அயல் வீட்டு மேசையில் ஒரு பாஷை

பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் பால்மரங்கள் நிரை நிரையாக நின்ற அந்நாளில், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் ஒரே தோட்டத்தில் இருந்துகொண்டு தமிழ் கற்றனர். ஒருவர், மேட்டு பங்களாவில் வசித்த வெள்ளைக்காரச் சின்னத் துரை. மற்றவள், கீழே லயத்து வீட்டில் தமிழ்த் தாய் ஒருத்தியின் இடுப்பில் வளர்ந்த சீனக் குழந்தை.

துரைக்குத் தமிழ் உத்தியோகக் கடமையாக வந்தது. ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கப்பலேறி வந்த வாலிபர்கள், தங்கள் கீழ் வேலை செய்யும் ஜனங்களின் பாஷையை அறியாமல் நிர்வாகம் செய்ய இயலாதென்பதைக் கம்பெனிகள் உணர்ந்திருந்தன; 1919ஆம் ஆண்டில் தோன்றிய தோட்ட நிர்வாகிகள் சங்கம் அவர்களுக்கென்றே தமிழ்ப் பரீட்சை நடத்தி வந்தது. மாலை வேளையில் முன்ஷி ஒருவர் பங்களாவுக்குச் சென்று பாடம் சொல்லுவார். வேற்றுமை உருபுகளையும் வினை விகுதிகளையும் துரை மனப்பாடம் செய்வார். இலங்கையிலோ, 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய கையேடு ஒன்று, தேயிலை, ரப்பர் தோட்டத் தொழிலாளரின் பேச்சைக் 'கூலித் தமிழ்' என்ற பெயராலேயே துரைமாருக்குக் கற்பித்தது. இத்தனை ஏற்பாடுகள் இருந்தும், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று 'வா', 'போ', 'வெட்டு', 'சீக்கிரம்' என்று ஏவுவதற்கு அப்பால் பல துரைமாரின் தமிழ் நகரவேயில்லை. தமிழின்மீது மெய்யான பிரியம் கொண்டு ஆழக் கற்றவர்களும் அவர்களுள் இருந்தனர்; ஆனால் அவர்கள் சிலரே.

சீனக் குழந்தையின் கதை வேறு. யுத்தத்துக்கு முன்னும் பின்னும், வறுமையினாலும், பெண் மகவைப் பாரமெனக் கருதிய பழைய எண்ணத்தினாலும், சில வேளைகளில் பிறந்த வருஷம் குடும்பத்துக்கு ஆகாதென்ற நம்பிக்கையினாலும், சீனப் பெற்றோர் பலர் தம் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களிடம் ஒப்படைத்தது இந்நாட்டார் அனைவரும் அறிந்த செய்தி. எங்கள் லயத்தின் நான்காவது வீட்டில் அவ்விதம் வளர்ந்த ஓர் அம்மையார் இருந்தார். நாங்கள் அவரை 'அத்தை' என்றுதான் அழைத்தோம். மூக்குத்தி அணிந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, மங்கும் வாளியுமாக நிரைக்குப் புறப்படும் அவரைத் தமிழச்சியல்லள் என்று எண்ண எங்களுக்குத் தோன்றியதேயில்லை. லயத்தில் சாவு விழுந்தால் ஒப்பாரி தொடுக்க அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். இறந்தவரின் குணத்தையும் குலத்தையும் அந்தக் கணத்திலேயே பாட்டாகக் கட்டி அழுவதில் அவருக்கு இணையானவர் எங்கள் தோட்டத்தில் இல்லை. பரீட்சை எழுதாதவர், புத்தகத்தைத் தொடாதவர், ஒரு பாஷையின் ஆழங்களுள் ஒன்றான துக்கத்தின் மொழியை அவ்வளவு பூரணமாகக் கைக்கொண்டிருந்தார்.

துரைக்கு முன்ஷியும் இலக்கணமும் இருந்தன. அத்தைக்கு ஒரு வீடு இருந்தது. வெளிதேசம் சென்று அந்நிய பாஷை கற்பதைப் பற்றி எவர் என்னிடம் கேட்டாலும் இந்த வித்தியாசத்திலிருந்தே நான் பேச்சை ஆரம்பிக்கிறேன்.

அண்மையில் ஐப்போ புந்தோங்கில் ஒரு கலியாண விருந்தில் அப்படி ஒரு கேள்வி வந்தது. பழைய மாணவி ஒருவரின் தாயார் அருகில் வந்து உட்கார்ந்து, "பொண்ணு ஸ்பெயினுக்குப் போயி ஸ்பானிஷ் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குதுங்க சார். அங்க யாரோ தெரியாதவங்க வீட்ல தங்கணுமாம். அதெல்லாம் சரிப்பட்டு வருங்களா?" என்றார். நான் திருப்பிக் கேட்டேன்: "நீங்க கான்டனீஸ் எங்கம்மா படிச்சீங்க?" அவர் சிரித்துவிட்டார். "படிக்கலைங்க சார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வீட்லயேதான சின்னதுல கெடப்பேன்!" கச்சான் பூத்தே வறுக்கும் வாசனை வீசும் அந்தத் தெருக்களில் கான்டனீஸ் பேசும் தமிழர் பலர்; அதற்காக அவர்கள் வகுப்புக்குச் சென்றதில்லை.

'ஹோம்ஸ்டே' என்ற சொல் நம் நாட்டில் இப்போது வார விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் காலி வீட்டைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே முதலில் ஒரு விளக்கம் அவசியம். பாஷை கற்க வரும் மாணவரை ஸ்பெயின், குவாத்தமாலா முதலிய தேசங்களில் ஒரு குடும்பம் தன் வீட்டு அறையொன்றில் தங்க வைத்து, தன் மேசையிலேயே உணவளித்து, வீட்டு மனிதராக நடத்துவதே விருந்துக் குடும்ப ஏற்பாடு. பாஷைப் பள்ளியே குடும்பத்தைத் தேர்ந்து கொடுக்கும். குடும்பத்துக்கு அதற்கான கட்டணம் உண்டு. காலை உணவோடு இன்னொரு வேளை மட்டும் என்பது ஒரு வகை, மூன்று வேளையும் என்பது மற்றொரு வகை. என் அபிப்பிராயம், செலவு கூடினாலும் மூன்று வேளையையும் ஏற்பதே மேல் என்பதுதான். காரணம் பின்னால் விளங்கும். காலையில் நான்கு மணி நேரம் அளவில் வகுப்பு. எஞ்சிய நாள் முழுவதும் வீடும் வீதியும் உபாத்தியாயர்கள்.

ஸ்பானிஷ் ஏன் என்று கேட்பவர்க்குச் சுருக்கமாகச் சொல்லலாம். இருபது தேசங்களில் அது அரசாங்க பாஷை. ஏறக்குறைய ஐம்பது கோடி மக்களுக்குத் தாய்மொழி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதனைப் பட்டப் படிப்பாகவே பயிலலாம். பேராக் தமிழரின் முன்னோர்க்கோ 'ஸ்பானிஷ்' என்ற பெயர் முதலில் ஒரு நோயின் பெயராகவே காதில் விழுந்திருக்கக்கூடும். பத்து காஜாவுக்கு அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை கட்டத் தொடங்கிய மாளிகையில் வேலை செய்த தென்னிந்தியத் தொழிலாளர் பலரை ஸ்பானிஷ் காய்ச்சல் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் வேண்டிக்கொண்டபடி துரை மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். நன்றிக்கு அடையாளமாகக் கோயில் கூரையில் தெய்வ உருவங்களுக்கிடையே துரையின் உருவத்தையும் அமைத்தார்கள். அந்நோய் ஸ்பெயினில் பிறந்ததன்று. முதல் உலக யுத்தத்தில் சேராத அத்தேசத்துப் பத்திரிகைகள் தணிக்கையின்றி நோய்ச் செய்தியை வெளியிட்டமையால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது.

பாஷை கற்க ஸ்பெயின் செல்வோர் பலர் நாடும் நகரம் சலமங்கா. மாலை வெயிலில் பொன்னிறமாக ஒளிரும் கல்லால் கட்டப்பட்ட அந்நகரில், 1218இல் தோன்றிய சர்வகலாசாலை இன்றும் நடக்கிறது. நெப்ரிஹா என்ற அறிஞர் ஸ்பானிஷ் பாஷைக்கு இயற்றிய இலக்கணம் 1492இல் அந்நகரிலேதான் அச்சேறியது. இலக்கணத்துக்குப் பேர்போன அந்நகரிலும் மாணவரின் மெய்யான பாடம் மதியம் இரண்டரை மணிக்கு மேல், ஏதோ ஓர் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையிலேதான் தொடங்குகிறது.

நம்மவர்க்கு முதலில் திகைப்பளிப்பது அந்த நேரக் கணக்கு. மதிய உணவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே. இரவு உணவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே. 1940இல் ஸ்பெயின் தன் கடிகாரத்தை ஜெர்மனியின் நேரத்துக்கு முன்தள்ளி, யுத்தம் முடிந்த பிறகும் திருப்பாமலே விட்டதால் அங்கே கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அதற்கு ஒரு காரணம். 1982 ஜனவரி முதல் தேதியில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னால் தள்ளப்பட்டதையும், அதன்பின் பால்வெட்டுக்குப் போனவர்கள் இருட்டு விலகவில்லையே என்று முணுமுணுத்ததையும் நினைவில் வைத்திருப்பவர்க்கு இது எளிதில் விளங்கும்.

உணவு முடிந்ததும் எழுந்து கைகழுவப் போவது நம் வழக்கம். ஸ்பானிஷ் வீட்டில் அப்போதுதான் வீட்டார் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறார்கள். காபி வரும், பழம் நறுக்கப்படும், பேச்சு தொடங்கும். காலையில் கடைக்காரர் சொன்ன விலை, மகனின் வேலை, பாட்டியின் முழங்கால் வலி, அரசாங்கத்தின் மீதுள்ள மனக்குறை, பந்தாட்டம் என்று அது அரை மணி, ஒரு மணி, விடுமுறை நாளாயின் அதற்கு மேலும் நீளும். மேசையை விட்டு எழாமல் நடத்தும் இந்தச் சம்பாஷணைக்கு அப்பாஷையில் தனிச்சொல்லே உண்டு: 'சோப்ரெமேசா', அதாவது 'மேசைமேல்'. வகுப்பில் உபாத்தியாயர் மாணவருக்கு விளங்கும் வேகத்தில்தான் பேசுவார். இங்கோ நால்வர் ஒரே சமயத்தில், பாதி வாக்கியத்தை விழுங்கி, ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டி, கையை ஆட்டிப் பேசுவார்கள். முதல் வாரத்தில் ஒன்றும் விளங்காது. இரண்டாம் வாரத்தில் பேச்சு எதைப் பற்றியதென்பது தெரியும். பிறகு ஒரு நாள், அந்தப் பாட்டி தன் முழங்காலைப் பற்றி எதையோ சொன்னதற்கு, யோசிக்காமலே ஒரு வார்த்தை மாணவரின் வாயிலிருந்து விழும். மேசை முழுவதும் திரும்பிப் பார்க்கும். மூன்று வேளை உணவையும் அந்த வீட்டிலேயே கொள்ள வேண்டுமென்று நான் சொன்னது இதற்காகவே.

அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்லத் தமிழ்ப் பிள்ளைக்கு ஓர் அனுகூலம் உண்டென்பதை நம்மவர் பலர் அறியார். 'எனக்குத் தலை வலிக்கிறது', 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று நாம் சொல்லும்போது, நோவதும் பிடிப்பதும் நமக்கு நேர்வனவாக அமைகின்றன. 'நான்' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்குகிறோம். இங்கிலீஷ் மட்டும் அறிந்தவர் மாதக்கணக்கில் தடுமாறும் அந்த அமைப்பே ஸ்பானிஷின் இயல்பு: 'மெ துவேலே லா கபேசா', 'மெ குஸ்தா எல் கஃபே'. இரண்டிலும் வரும் 'மெ' நம்முடைய 'எனக்கு'தான். 'பேசுகிறேன்' என்றாலே பேசுவது யாரென்று விகுதி சொல்லிவிடுவதைப்போல, அவர்களுக்கு 'ஆப்லோ' என்றாலே போதும். தன்மைப் பெயரை வெளிப்படக் கூறத் தேவையில்லை.

ஒலியிலும் உறவுண்டு. 'பந்து' என்ற சொல்லில் நகரத்துக்குப் பின் வரும் தகரம் அழுத்தமாகவும், 'அது' என்ற சொல்லில் உயிர்களுக்கிடையே வரும் தகரம் மென்மையாகவும் ஒலிப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை, பழக்கத்தால் செய்கிறோம். 'எங்கே' என்று பொருள்படும் 'தோந்தே'யிலும், 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'நாத'விலும் ஸ்பானியர் செய்வது சரியாக அதேதான். 'நாளை' என்பதற்கு அவர்கள் கூறும் 'மஞானா'வின் நடுவொலி நம் ஞகரமே. எழுத்தில் நாம் காத்து வந்தும் பேச்சில் மழுங்கவிட்ட ரகர றகர வேறுபாட்டை மட்டும் அங்கே மறுபடி தீட்டிக்கொள்ள வேண்டும். மெல்லிய ரகரத்தோடு 'பெரோ' என்றால் 'ஆனால்', நாக்கை உருட்டிப் 'பெர்ரோ' என்றால் நாய்.

சிரமங்களும் இல்லாமலில்லை. உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு; மேசை பெண், புத்தகம் ஆண். விருப்பத்தையும் ஐயத்தையும் கூறும்போது வினை வேறோர் உருவம் எடுக்கும். அதில் தேர்ச்சி பெற வருஷங்கள் ஆகும். இலக்கணத்தைக் காட்டிலும் கடினமாகத் தமிழ்ப் பிள்ளைக்கு அமைவது மரியாதை. 'நீ'க்குத் 'து'வும், 'தங்கள் கருணை' என்ற பொருளுடைய பழந்தொடர் தேய்ந்து வந்த 'ஊஸ்தெத்'தும் அவர்களிடம் உள்ளன. ஆனால் ஸ்பெயினில் வீட்டம்மையார் இரண்டாம் நாளே தம்மை ஒருமையில் பேசச் சொல்லிவிடுவார். பெயரிட்டு அழைக்கவும் சொல்வார். அம்மா, அத்தை, அக்கா என்ற முறைச்சொல் இன்றி மூத்தவரை விளித்துப் பழகாத நாவுக்கு அது எளிதில் வராது. குவாத்தமாலா போன்ற இடங்களிலோ வீட்டுக்குள்ளும் 'ஊஸ்தெத்' வழங்கும். நம்மவர்க்கு அங்கே மனம் இலேசாக இருக்கும்.

மேசை என்று மேலே பலமுறை எழுதினேன். ஸ்பானிஷிலும் அது 'மேசா'. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் பாஷை ஸ்பானிஷின் உடன்பிறப்பு. தமிழுக்கும் மலாய்க்கும் அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் இன்றும் நம் வீடுகளில் புழங்குகின்றன. நம் 'மேசை', மலாயின் 'மேஜா'. சப்பாத்துக்கு மலாயில் 'செபாத்து', ஸ்பானிஷில் 'சபாத்தோ'. கொடிக்கு மலாயில் 'பெண்டேரா', ஸ்பானிஷில் 'பந்தேரா'. பள்ளிக்கூடம் 'செக்கோலா', 'எஸ்க்வேலா'. நம்முடைய 'அலமாரி', அவர்களுடைய 'அர்மாரியோ'. தமிழும் மலாயும் பேசி வளர்ந்த பேராக் பிள்ளை அந்நிய வீட்டுக்குள் நுழையும்போது, அந்த வீட்டுத் தட்டுமுட்டுகளில் பாதி ஏற்கனவே பழகிய பெயரோடு நிற்கின்றன.

எதிர்த் திசையில் வந்தவர்களும் உண்டு. இன்றைய ஸ்பெயினில் அடங்கிய நவார்ராவில் 1506இல் பிறந்த பிரான்சிஸ் சவேரியார், 1542இல் முத்துக்குளித்துறைப் பரதவர் கிராமங்களுக்கு வந்து, இரு பாஷையும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, கைமணியை அடித்துக்கொண்டு வீதியில் பிள்ளைகளைத் திரட்டிக் கற்பித்தார். பின் 1545இல் மலாக்காவுக்கும் வந்தார். ஓரிடத்தில் தங்காது அலைந்த அவருக்குத் தமிழ் முழுமையாகக் கைகூடவில்லை. அக்கரையிலேயே நெடுங்காலம் தங்கிவிட்ட போர்த்துகீசியப் பாதிரியார் ஹென்றிக்கஸ் தமிழுக்கு இலக்கணம் வகுக்கும் அளவுக்குக் கற்றார்; 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவர் உழைப்பின் பயன்.

ஸ்பெயினுக்குச் செல்லும் வசதியில்லாதோர் நினைக்க வேண்டிய இடம் மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலாவைச் சேர்ந்த ஆண்டிகுவா. எரிமலைகள் சூழ்ந்த அச்சிறு நகரில் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற முறையில் தினமும் நான்கைந்து மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து கற்பிக்கும் பள்ளிகள் பல. தங்குவது அவ்வூர்க் குடும்பங்களில். குவாத்தமாலாவில் மாயா இனத்தாரின் பாஷைகள் இருபதுக்கும் மேல் வழங்குகின்றன. ஆகையால் மாணவரை ஏற்கும் வீட்டம்மையாரே ஸ்பானிஷைப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாஷையாகக் கற்றவராக இருக்கக்கூடும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலிருந்து மலாய்ப் பாடத்துக்கு மாறிய நாளில் வாய் திறக்க அஞ்சிய நம் பிள்ளைகளின் தயக்கம் அத்தகைய தாய்க்குச் சொல்லாமலே தெரியும். மாணவர் தடுமாறும்போது அவர் காட்டும் பொறுமைக்கு வேறெங்கும் ஈடு கிடையாது.

செல்வோர் சில விஷயங்களை முன்கூட்டியே எழுதித் தெரிவிப்பது நல்லது. மாட்டிறைச்சி உண்ணாதவர், சைவ உணவினர் அதனை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். ஸ்பெயினில் 'லெந்தேஹாஸ்' என்ற பருப்புக் குழம்பில்கூடப் பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். குவாத்தமாலாவில் கறுப்பு அவரையும் சோள ரொட்டியும் அன்றாட உணவாதலால் இத்துன்பம் குறைவு. மலேசியக் கடவுச்சீட்டு உடையோர் ஸ்பெயினில் 180 நாட்களுக்குள் 90 நாள் வரை விசா இன்றித் தங்கலாம். அதற்கு மேல் மாணவர் விசா அவசியம். ஸ்பானிஷ் பாஷையைப் பரப்ப ஸ்பெயின் அரசாங்கம் 1991இல் அமைத்த செர்வாந்தெஸ் நிலையம் அங்கீகரித்த பள்ளியாகத் தேர்ந்துகொண்டால், அந்நிலையமே வழங்கும் 'டெலே' சான்றிதழுக்கும் ஆயத்தமாகலாம். ஒருமுறை பெற்றால் அது காலாவதியாவதில்லை. குடும்பம் மனத்துக்கு ஒவ்வாவிட்டால் மாற்றித் தரும்படி பள்ளியைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்வேன். தோழியோடு சேர்ந்து ஒரே வீட்டில் தங்குவதும், இரவு முழுவதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் ஐப்போவோடு பேசிக்கொண்டிருப்பதும், வீட்டுக்குள்ளேயே மேட்டு பங்களா ஒன்றைக் கட்டிக்கொள்வதற்குச் சமம். அவ்விதம் ஆறு மாதம் தங்கித் திரும்பியவர்களைக் கண்டிருக்கிறேன். தேநீர் கேட்கவும் வழி கேட்கவும் தெரிந்திருந்தது, அதற்கு மேல் இல்லை.

கட்டணம் பெறாமலே பிள்ளைகளை ஏற்கும் குடும்பங்களும் உலகில் உள்ளன. முதல் உலக யுத்தத்தில் 1915இல் காயமடைந்த வீரர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்க ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பாகத் தோன்றி, 1947 முதல் பள்ளி மாணவர்களைத் தேசம் விட்டுத் தேசம் அனுப்பி வரும் ஏ.எஃப்.எஸ். அத்தகைய வீடுகளைத் தேடிச் சேர்க்கிறது. மலேசியாவிலும் அதற்குக் கிளை உண்டு. இங்கிருந்து செல்வோரைப் போலவே, அங்கிருந்து வந்து மலேசியக் குடும்பங்களில் தங்குவோரும் உண்டு.

இதை அந்தத் தாயாரிடம் சொன்னபோது, மகளின் கவலையை மறந்து அவர் சற்று நேரம் யோசித்தார். அவர் வீட்டில் மாமியாரோடு தமிழ். பின்வாசல் வேலியருகே கான்டனீஸ். காய்கறி வண்டிக்காரரோடு மலாய். பேரப் பிள்ளைகளிடம் பாதி இங்கிலீஷ்.

"ஸ்பெயின்லேர்ந்து ஒரு பிள்ளை எங்க வீட்டுக்கு வந்தா என்னா பாஷைங்க சார் படிக்கும்?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "எதா இருந்தாலும், வந்தவொடனே சாப்பிட்டியான்னுதான் கேப்பேன். மொதல்ல அதைத்தான் படிச்சிக்கும்."